பீராக்கா ஓரம் கட்டையாகிவிட்டதா?

ஃபின்லாந்தின் கிழக்கே, கரேலியா பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டி வீடு என்றாலே கர்யாலன்பீராக்கா என்ற சோறு வைத்துச் சுடும் பலகாரத்தின் வாசனைதான். ரை என்ற தானியத்தின் மாவை அப்பளம்போல் மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் பாலில் குழைய வெந்த சோற்றைப் பரப்பி, ஓரத்தை விரலால் கொசுவிச் சுடுவார்கள்.

நாம் செய்து பார்த்தால் கோட்டைவிடும் இடம் கடைசியில்தான். 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் கால் மணி நேரம் வெந்து ஓவனிலிருந்து வரும்போது ஓரம் பல்லை உடைக்கும். பயப்படாதீர்கள். வெண்ணெய் உருக்கிய சூடான பாலில் ஒவ்வொன்றாக, சூடு ஆறுமுன் முக்கியெடுத்து அடுக்கி, துணியால் மூடிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பதமாக இளகிவிடும்.

தொட்டுக்கொள்ள, அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்து மேலே தடவுங்கள். உப்பு ஒரு சிட்டிகை போதும். வெண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.