பெட்ரோல் பங்க் அடியில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

தரைக்கடியில் இருக்கும் டேங்கோ குழாயோ கசிந்தால் மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் இறங்கிய பெட்ரோல் நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால், அதன்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரோட்டத்தோடு நகரும். இவற்றில் பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது அதற்கு உலக சுகாதார அமைப்பு தரும் வழிகாட்டு அளவு. ஒரு சதவீதம் பென்சீன் உள்ள பெட்ரோல் ஒரு லிட்டர் போதும், எட்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்த அளவுக்குக் கெடுக்க.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் லேப் ரிப்போர்ட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள். நான் நீர்மட்ட அளவில் தொடங்கச் சொல்வேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

படி 1: கிணறு போடுவது

குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அதுவும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. அப்போதுதான் நீரோட்டத்தின் திசையைக் கணக்கிட முடியும். துளை போடும் முன் டேங்க், குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 50 மி.மீ. பிவிசி பைப்தான் இறக்குவார்கள். கீற்று வெட்டிய பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது. பைப்பைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், பசையின் கரைப்பான் மாதிரியில் கலந்துவிடும். மரை உள்ள பைப்பே சரி. சுற்றிலும் மணல், அதற்கு மேல் பெண்டோனைட் களிமண், அப்புறம் சிமென்ட், பூட்டுள்ள மூடி.

படி 2: மட்டம் அளப்பது

மூடியைத் திறந்ததும் முகத்தைக் கிணற்றுக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். காற்றில் ஒன்றரை சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கப் போதும். கொஞ்ச நேரம் ஆவி வெளியேற விடுங்கள். பிறகு எண்ணெய்-நீர் அளவி எனப்படும் நாடாவை மெல்ல இறக்குங்கள். பல மாடல்களில் எண்ணெயைத் தொட்டால் விடாமல் ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டு ஒலிக்கும். உங்கள் கருவியில் எப்படி என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரே அடிப்படை மட்டத்திலிருந்து அளந்தால் மூன்று பைப்புகளின் வாய் உயரம் 100.00, 99.80, 99.95 மீட்டர். பைப்பின் வாயிலிருந்து கீழே, முதல் கிணற்றில் தண்ணீர் 4.20 மீட்டரிலும் மூன்றாவதில் 4.05 மீட்டரிலும் இருக்கிறது. இரண்டாவதில் 4.25-ல் எண்ணெய் தொடங்கி 4.65-ல் தண்ணீர் வருகிறது. அதாவது 40 செ.மீ. எண்ணெய். அதன் எடை தண்ணீரைக் கீழே அழுத்தியிருக்கிறது. பெட்ரோலின் அடர்த்தி 0.75 என்று வைத்தால் 0.40 × 0.75 = 0.30. 4.65-லிருந்து இதைக் கழித்தால் உண்மையான ஆழம் 4.35. ஆக, நீர்மட்டங்கள் 95.80, 95.45, 95.90. ஓட்டம் இரண்டாவது கிணற்றின் பக்கம். எண்ணெயின் எடையைச் சேர்க்காமல் விட்டால் அங்கே 95.15 என்று வரும், சரிவும் பொய்யாகிவிடும். இன்னொன்று: பைப்பில் தெரியும் 40 செ.மீ. மண்ணில் இருக்கும் தடிமன் இல்லை. பெரும்பாலும் மண்ணில் அதைவிடக் குறைவு.

படி 3: பழைய தண்ணீரை இறைப்பது

பைப்பில் தேங்கிய தண்ணீர் சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் காட்டாது. 50 மி.மீ. பைப்பில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் நிற்கும். பழைய முறையில் அந்தக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கை இறைப்பார்கள். எனக்குப் பிடித்தது நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மெதுவாக உறிஞ்சும் முறை. பிஎச், மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் நிலையாக நின்றால் போதும். இறைத்த தண்ணீரைத் தரையில் கொட்டாமல் டிரம்மில் பிடியுங்கள்.

படி 4: மாதிரி எடுப்பது

மிதக்கும் எண்ணெய் உள்ள கிணற்றில் கரைந்த அளவுக்கான மாதிரி எடுப்பதில் பயனில்லை, தடிமனைக் குறித்துக்கொண்டு நகருங்கள். மற்றவற்றில் சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கானதற்குப் போங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்ட 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிட்டு, விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும்வரை நிரப்புங்கள். நிரம்பி வழியவிட்டால் அமிலமும் போய்விடும். மூடிய பிறகு கவிழ்த்து விரலால் தட்டுங்கள். குமிழி ஏறினால் அந்தக் குப்பி வேண்டாம், பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விடும். பிறகு ஐஸ் பெட்டி, 14 நாளுக்குள் லேப்.

ஆரம்பத்தில் ஒருமுறை போகிற வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையோடு குப்பிகளை எடுத்துவிட்டேன். சரிபார்ப்புக்காகச் சுத்தமான தண்ணீர் நிரப்பிய குப்பியிலேயே டொலுயீன் வந்தது. அன்றைய வேலை முழுதும் வீண். முந்தின நாளே வண்டியை நிரப்பிவிடுங்கள், ஒவ்வொரு கிணற்றுக்கும் புதுக் கையுறை போடுங்கள், சரிபார்ப்புக் குப்பியை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 5: எண்ணைப் படிப்பது

மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெய் மண் துகள்களுக்கிடையே சிக்கித் தண்ணீருக்கடியில் போய்விடும். கிணற்றில் எண்ணெயே இருக்காது. ‘சுத்தமாகிவிட்டது’ என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள். கோடையில் மட்டம் இறங்கியதும் அது திரும்ப வந்து மிதக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரே தாளில் மேலே நீர்மட்டக் கோட்டையும் கீழே பென்சீன் கோட்டையும் வரையுங்கள். மட்டம் உயர்ந்தபோது மட்டும் பென்சீன் குறைந்திருந்தால் கிணற்றை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள்.