"கேஸ்தான்" என்று சொல்லி நாம் தொலைக்கும் வருடங்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் வயிற்றில் எது வந்தாலும் ஒரே பெயர்தான்: கேஸ். நெஞ்சு கரித்தால் கேஸ், எதுக்களித்தால் கேஸ், நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிப் போனாலும் கேஸ். சேரன்மகாதேவியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் பெரியப்பாவின் தொந்தரவுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். கல்லாவில் சில்லறைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அட்டை பான்டபிரசோல் கிடக்கும். காலையில் கடை திறந்ததும் ஒன்று போட்டுக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கடைசியில் பெரியம்மாதான் எனக்குப் போன் போட்டார்கள். "யய்யா, உங்க பெரியப்பாவுக்கு ரெண்டு இட்லிக்கு மேல எறங்க மாட்டேங்கு. வேட்டி இடுப்புல நிக்கல."

நான் வேலை பார்ப்பது புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில். இரைப்பைப் புற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்து, மருந்து விட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலை. பெரியப்பாவுக்கு இருப்பது அந்த இரைப்பைப் புற்றாக இருக்கலாம் என்று, அந்தப் போன் வரும்வரை எனக்குமே உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் மற்றவர்கள் சொல்லக் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அந்த மாத்திரைதான். மாத்திரை கெட்டது என்று சொல்லவில்லை. அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்து அது. தொந்தரவு அடங்கியதும் நோயே போய்விட்டது என்று நாம் முடிவுகட்டுகிறோமே, அதுதான் தப்பு. இரைப்பையில் புற்று தொடங்கிய இடத்தில் புண் இருந்தால், அமிலம் குறைந்ததும் அந்தப் புண்ணே கொஞ்ச நாள் ஆறினாற்போல் ஆகிவிடும். எரிச்சல் நின்றுவிடும். உள்ளே வேலை நிற்காது. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடும்போது, நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரு வழியை நாம் அடைத்துவிடுகிறோம்.

எப்போது மாத்திரையோடு நிற்கக் கூடாது? முயற்சி செய்யாமலே எடை குறைந்தால், விழுங்க அடைத்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினால், வாந்தி விடாமல் வந்தால், ரத்தசோகை இருந்தால், மலம் தார் மாதிரி கறுத்துப் போனால், இடது காறை எலும்புக்கு மேலே கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். அதைப் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.) நடுவயது தாண்டியவருக்கு வாழ்நாளில் இல்லாத அஜீரணம் புதிதாக வந்தாலும் இதே கதைதான். பெரியப்பாவுக்கு ரத்தசோகை இருப்பது முன்பே தெரியும். "வயசாச்சு, கீரை சாப்பிடுங்க" என்று விட்டுவிட்டோம். ஐம்பது தாண்டிய ஆணுக்கு ரத்தம் குறைகிறது என்றால், அது எங்கே கசிகிறது என்று தேடியிருக்க வேண்டும்.

திடீரென்று வந்துவிட்டது என்று நினைப்பது

"நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு வந்துட்டு" என்று எல்லோரும் சொல்வோம். இரைப்பைப் புற்றில் பெரும்பாலானவை திடீரென்று வருவதில்லை. கொலம்பியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பெலாயோ கொரியா 1975-லேயே இதைப் படிப்படியாக விளக்கிவிட்டார். முதலில் இரைப்பையின் உள்தோலில் நாள்பட்ட அழற்சி வரும். அப்புறம் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து உள்தோல் மெலியும். பிறகு இரைப்பைத் தோல் குடல் தோலின் சாயலுக்கு மாறும். அதிலிருந்து செல்கள் ஒழுங்கு தவறி, கடைசியில்தான் புற்று. இந்தப் படிகளில் இறங்க இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். எல்லோரும் கடைசிப் படி வரை போவதும் இல்லை.

இந்தப் படிகளில் இறங்காத இன்னொரு வகையும் உண்டு. செல்கள் கட்டியாகத் திரளாமல், ஒவ்வொன்றாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் பரவும். மேல்தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுவர் மட்டும் தோல்பை மாதிரி விறைத்துப் போகும். மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றும் தெரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு முறை "ஒன்றுமில்லை" என்று வந்தும் தொந்தரவு தொடர்ந்தால், மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

முதல் படியில் தள்ளிவிடுவது பெரும்பாலும் ஒரு கிருமி: ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றுதான் டாக்டர்களே வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அது தவறு என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005-ல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் அல்சர் என்றால் காரமும் டென்ஷனும்தான் காரணம் என்று நம் ஊரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக, கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் புற்று வந்துவிட்டதுபோல் அழுவதும் சரியில்லை. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியது. கிருமி உள்ள நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்குத்தான் புற்று வரை போகிறது. யாருக்கு மருந்து தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மருந்து தொடங்கிய பிறகு நாம் செய்யும் தவறுகள்தான் அதிகம். கோர்ஸ் பெரும்பாலும் 14 நாள். இரண்டு, மூன்று ஆன்டிபயாட்டிக் சேர்ந்திருக்கும், வாய் கசக்கும், வயிறு போகும். ஐந்தாவது நாள் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. அப்புறம் கிருமி போனதா என்று சோதிப்பதே கிடையாது. கோர்ஸ் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரையை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது வெகுகாலம் பாசிட்டிவாகவே காட்டும்.

இந்த இரண்டு வார மாத்திரைக்கு இவ்வளவு பாடு பட வேண்டுமா என்றால், சீனாவின் லின்ச்சூ மாவட்டத்தில் நடந்த ஆய்வைச் சொல்வேன். 1995-ல் தொடங்கி 3,365 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 22 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அன்று கிருமிக்கு மருந்து சாப்பிட்டவர்களிடம் இரைப்பைப் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பிந்தைய படிகளுக்கு இறங்கிவிட்டவர்களுக்கு ஆபத்து முழுதாகப் போய்விடுவதில்லை. கண்காணிப்பு தொடர வேண்டும்.

டியூப் விட்டுப் பார்ப்பதற்குப் பயப்படுவது

எண்டோஸ்கோப்பி என்றதும் பெரியப்பா சொன்னது: "ஸ்கேன் எடுத்தாச்சுல்லா, அதுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க." வயிற்று ஸ்கேனில் கல்லீரலும் பித்தப்பையும் தெரியும்; இரைப்பையின் உள்தோலில் தொடக்கநிலையில் இருக்கும் புற்று தெரியாது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, பத்து நிமிடத்தில் முடியும் சோதனைதான் எண்டோஸ்கோப்பி. சிரமம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரைப்பைப் புற்று அதிகமுள்ள தென்கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அரசே இதைச் செய்கிறது. தொடக்கத்தில் பிடிபட்டதை வயிற்றைத் திறக்காமலே, அதே குழாய் வழியாகச் சுரண்டி எடுத்துவிடவும் முடிகிறது.

"கத்தி பட்டா பரவிரும்" என்ற பேச்சு இதைவிடக் கெடுதல். சதை எடுத்துப் பார்ப்பதால் இரைப்பைப் புற்று பரவுவதில்லை. இப்படிப் பயந்து நாள் கடத்துவதில்தான் அது பரவுகிறது. இரைப்பையில் புண் இருக்கிறது என்று எண்டோஸ்கோப்பி சொன்னால், பல இடங்களில் சதை எடுத்தார்களா என்று கேளுங்கள். மருந்து சாப்பிட்டு சுமார் எட்டு வாரம் கழித்து, புண் ஆறிவிட்டதா என்று மறுபடி பார்க்கச் சொன்னால் கட்டாயம் போங்கள்.

தட்டில் செத்த செல்

இது என் வேலையோடு சம்பந்தப்பட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "மஞ்சள் புற்றுச் செல்லைக் கொல்கிறது", "முள்சீத்தா கீமோவைவிடப் பல மடங்கு வலிமை" என்று வாட்ஸ்அப்பில் வருவதன் வேர் எங்கள் மாதிரி ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. நாங்கள் வளர்க்கும் செல் வகைகளில் ஒன்று ஏஜிஎஸ். 1979-ல், 54 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பைப் புற்றிலிருந்து எடுத்தது. இன்றும் உலகமெங்கும் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் மஞ்சளின் குர்குமினை நேரடியாக ஊற்றினால் செல் சாகும். உப்பைக் கூட்டி ஊற்றினாலும் சாகும். ஆனால் நாம் சாப்பிடும் மஞ்சளிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும் குர்குமின் மிகமிகக் கொஞ்சம். தட்டு, அப்புறம் எலி, அப்புறம் சில மனிதர்களிடம் பாதுகாப்புச் சோதனை, அப்புறம் நூற்றுக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை என்று நான்கு வாசல் தாண்டித்தான் ஒன்று மருந்தாகிறது. முதல் வாசலில் நிற்பதைக் கடைசி வாசல் தாண்டியதாக நம்பிவிடுகிறோம்.

பெரியப்பாவுக்கும் யாரோ சொல்லி, குற்றாலத்திலிருந்து முள்சீத்தா வாங்கி வந்தார்கள். ஒரு பழம் ஆசைக்குச் சாப்பிடலாம். தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. அதிலுள்ள அனோனாசின் நரம்புச் செல்களைக் கெடுக்கக் கூடியது; கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோயோடு அதைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். கஷாயத்தை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்ட அந்த ஒன்றரை மாதம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சாப்பாட்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது உப்பு. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் இரைப்பைப் புற்று குறைந்ததற்கு ஃப்ரிட்ஜ் வந்ததும் ஒரு காரணம். உப்பிட்டுப் பதப்படுத்துவது குறைந்து, காய்கனி கூடியது. உவரி கருவாடும் ஊறுகாயும் நம் நாக்கோடு பிறந்தவை; விடச் சொல்லவில்லை, தினமும் வேண்டாம் என்கிறேன். பீடி, சிகரெட்டை மட்டும் விடத்தான் சொல்வேன். புகை நுரையீரலோடு நிற்பதில்லை. இரைப்பைப் புற்றின் ஆபத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது.

"முதல்ல வெட்டி எடுத்துருங்க"

புற்று என்று உறுதியானதும் வீட்டில் எல்லோரும் கேட்டது இதைத்தான். நாலு மாதமாகக் கீமோ கொடுக்கிறார்கள், ஆபரேஷன் செய்யவில்லை என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போன குடும்பங்களும் எனக்குத் தெரியும். இரைப்பைச் சுவரின் உள்ளடுக்குகளோடு நிற்கும் சின்னப் புற்றுக்கு நேராக ஆபரேஷன் சரி. கொஞ்சம் முற்றியதற்கு முதலில் கீமோ, நடுவில் ஆபரேஷன், பிறகு மறுபடி கீமோ என்பதே இப்போது வழக்கம். ஜெர்மனியில் 716 பேரிடம் செய்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கூட்டு இப்படிக் கொடுக்கப்பட்டது. பழைய கூட்டில் 35 மாதமாக இருந்த ஆயுளின் நடுக்கணக்கு 50 மாதமாக உயர்ந்தது. நடுக்கணக்கு என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்கிறார்கள் என்று பொருள். அதைக் கேட்டுவிட்டு "டாக்டர் நாள் குறிச்சிட்டாரு" என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, அந்தச் சதைத் துண்டு. மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்று சொல்வார்கள். ஊர் மாறி, ஆஸ்பத்திரி மாறிப் போகிறவர்கள் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். 2014-ல் அமெரிக்காவில் 295 கட்டிகளின் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்று என்று நாம் சொல்வது உண்மையில் நான்கு வேறு நோய்கள் என்று தெரிந்தது. எந்த மருந்து யாருக்கு என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப். முற்றிய நோயில் அது ஆயுளின் நடுக்கணக்கை 11.1 மாதத்திலிருந்து 13.8 ஆக்கியது என்று 2010-ல் வந்த ஆய்வு சொன்னது. கிளாடின் 18.2 என்ற புரதம் இருந்தால் சோல்பெடுக்சிமாப். 2024-ல் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. எம்எஸ்ஐ வகை (செல் பிரியும்போது மரபணுவில் வரும் எழுத்துப் பிழைகள் திருத்தப்படாமல் குவியும் வகை) என்றால் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்தை நமக்கும் போடச் சொல்வது இதனால்தான் பொருந்தாது. விலையும் சாதாரணமில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அதில் வரும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

பெரியப்பாவிடம் ஆபரேஷன் நாள் வரை "அல்சர்" என்றே சொல்லி வைத்திருந்தோம். அன்புதான் காரணம். ஆனால் கீமோவில் முடி கொட்டியபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகவே சுமந்திருக்கிறார். "சொல்லியிருந்தா கடைக் கணக்கையாவது முடிச்சிருப்பேனே" என்றார்.

முழு இரைப்பையையும் எடுத்த பிறகு மூன்று வேளைச் சாப்பாடு கிடையாது, சின்னச் சின்னதாக ஆறு வேளை. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் படபடத்து வேர்த்துப் போகும்; அல்வாவும் கருப்பட்டிக் காபியும் அவருக்கு அப்படித்தான் ஆயின. பி12 ஊசி ஆயுளுக்கும் வேண்டும். தெம்பாக இருக்கிறாரே என்று நிறுத்தினால், உடம்பின் இருப்பு தீர்ந்து, ஓரிரு வருடத்துக்குப் பிறகு கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும்.

கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்காமல் விடுவது கடைசித் தவறு. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்று இருந்த 1,676 பேரைக் கொரியாவில் சராசரியாக ஒன்பது வருடம் கவனித்தார்கள். கிருமிக்கு மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்று வந்தது. ஒரே குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்கு, செல்கள் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் பரவும் அந்த வகை வந்திருந்தால், சிடிஎச்1 மரபணுவையும் பார்க்கச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கிருமி இருந்தது. பதினாலு நாள் மாத்திரையை ஒரு வேளை தப்பாமல் போட்டார். ஆறு வாரம் கழித்துச் செய்த மூச்சுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. பெரியப்பா மகள் பார்த்தாயிற்று. சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் மட்டும் "எனக்கு என்ன, லேசா கேஸ்தான்" என்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான்; பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோப்பிக்கு அவன் பெயரில் நாள் வாங்கி வைத்திருக்கிறேன்.