விடுதி அறையில் முதலில் துடைக்க வேண்டியது ரிமோட்

விடுதி அறைக்குள் நுழைந்ததும் நாம் சந்தேகத்தோடு எட்டிப் பார்ப்பது கழிப்பறையைத்தான். அதையாவது கழுவுகிறார்கள், டி.வி. ரிமோட்டை யார் துடைக்கிறார்கள்? 2012-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க விடுதி அறைகளில் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, கழிப்பறையோடு ரிமோட்டிலும் கட்டிலோர விளக்கின் ஸ்விட்சிலும் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருந்தன.

ஆல்கஹால் கலந்த ஈரத்துடைப்பான் ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும். ரிமோட், ஸ்விட்சுகள், கதவுக் கைப்பிடி, தொலைபேசி ஆகியவற்றைத் துடைத்துவிட்டு, ஈரம் தானாகக் காயும்வரை விட வேண்டும். உடனே துணியால் ஒற்றி எடுத்தால் கிருமிகள் சாகாது. துடைப்பான் இல்லையென்றால் ரிமோட்டை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள். உறைக்குள்ளிருந்தும் வேலை செய்யும்.

மெத்தைமேல் அழகுக்கு விரித்திருக்கும் கனத்த விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். உள்விரிப்பைப் போல அதை ஒவ்வொருவருக்கும் துவைப்பார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணாடி டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், கிருமியைவிட மூட்டைப்பூச்சிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அது பெட்டியில் ஏறி வீட்டுக்கே வந்துவிடும். பெட்டியைக் குளியலறைத் தரையில் நிறுத்திவிட்டு, தலைமாட்டுப் பக்கம் மெத்தையின் தையல் ஓரங்களை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மைப்புள்ளி போன்ற கறைகள் தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை வேண்டாம். சுவர் இடுக்கு வழியாக அங்கும் போயிருக்கலாம்.