தீம் பார்க் ட்ரிப்பா? வீட்ல இருக்கிற சின்னவங்களை வச்சு பிளான் பண்ணுங்க

குடும்பத்தோட தீம் பார்க் போலாம்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் முதல்ல தேடறது எந்த ரைடு பெருசு, எது ரொம்ப பயங்கரமா இருக்கும்னுதான். நீங்க அதை அப்புறம் பாருங்க. கூட வர்றவங்கள்ல யார் ரொம்ப சின்னவங்க, யாரால அதிகமா நடக்க முடியாது, யாருக்கு வெயில் ஒத்துக்காதுன்னு முதல்ல யோசிச்சு, அவங்களால தாங்க முடியற அளவுக்கு மட்டும் நாளைப் போடுங்க. ஏன் சொல்றேன்னா மதியம் ரெண்டு மணிக்கு அஞ்சு வயசுக் குழந்தை களைச்சுப்போய் அழ ஆரம்பிச்சா அதுக்கப்புறம் மத்தவங்களுக்கும் ரைடுல மனசு போகாது, எல்லாருக்கும் எரிச்சல் வரும், தண்ணி குடிக்க மறந்துடுவோம், சின்னவனோட கையைப் பிடிச்சுக்க மறந்துடுவோம், குழந்தை தொலையறதும் கீழ விழறதும் பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்துலதான்.

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒவ்வொரு குழந்தையையும் செருப்பு இல்லாம சுவத்துல சாய்ஞ்சு நிக்க வச்சு உயரத்தை அளந்து போன்ல குறிச்சுக்கோங்க. பார்க் வெப்சைட்லயே ஒவ்வொரு ரைடுக்கும் குறைஞ்சபட்ச உயரம் போட்டிருப்பாங்க, இது ரைடுக்கு ரைடு ரொம்ப மாறும், ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுல ஸ்பேஸ் மவுண்டன்ங்கிற ரோலர் கோஸ்டருக்கு 112 செ.மீ. போதும், பக்கத்துலயே யுனிவர்சல் பார்க்ல ஹல்க் கோஸ்டருக்கு 137 செ.மீ. வேணும். குழந்தை எதுல ஏறலாம் எதுல ஏற முடியாதுன்னு வீட்லயே உட்கார்ந்து சொல்லிடுங்க, அழுகை வந்தா வீட்லயே வந்துட்டுப் போகட்டும். ஒரு மணி நேரம் க்யூல நின்னு ரைடு வாசலுக்குப் போனப்புறம் அளவுக்கட்டையில ரெண்டு செ.மீ. குறையுதுன்னு திருப்பி அனுப்பினா அந்தக் குழந்தைக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்.

இந்த இடத்துல சில பெற்றோர் பண்ற ஒரு காரியத்தை நான் ஒத்துக்கவே மாட்டேன். ஷூவுக்குள்ள துணி வைக்கிறது, குதிகாலைத் தூக்கி நிக்கச் சொல்றது, ஆபரேட்டர்கிட்ட கெஞ்சறது. உயர விதி தைரியத்தை அளக்கறதுக்காக வச்சது கிடையாது. இடுப்புக் கம்பி, தோள் கம்பி எல்லாம் ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குத்தான் டிசைன் பண்ணியிருப்பாங்க, அதைவிடச் சின்ன உடம்பா இருந்தா வண்டி சரிவுல இறங்கி உடம்பு சீட்டை விட்டு எழும்பற நொடியில கம்பிக்கு அடியில வழுக்கி வெளிய வந்துட வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி உயரம் சரியா இருக்குங்கிறதுக்காக குழந்தை தயார்னும் நினைக்காதீங்க. பயந்துபோன குழந்தை நடுவுல எழுந்திருக்கப் பார்க்கும், கம்பியை விட்டுட்டு அம்மா பக்கம் திரும்பும். வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, வற்புறுத்தி ஏத்தாதீங்க.

அப்போ பெரியவங்க ஆசைப்பட்ட ரைடு என்ன ஆறதுன்னா அதுக்கும் வழி இருக்கு. அப்பா க்யூல நின்னு ஏறிட்டு வர்ற வரைக்கும் அம்மா குழந்தையோட வெளிய இருக்கலாம், அவர் வந்ததும் அம்மா மறுபடி முழு க்யூவும் நிக்காம ஏறிக்கலாம், டிஸ்னில இதுக்கு ரைடர் ஸ்விட்ச்னு பேரு, யுனிவர்சல்ல சைல்டு ஸ்வாப், வேற பல பார்க்லயும் இது உண்டு. ஆனா நாமளா கேட்டாத்தான் சொல்வாங்க, அதனால ரைடு வாசல்ல நிக்கிற ஸ்டாஃப்கிட்ட முதல்லயே கேளுங்க.

நேரம் விஷயத்துல ஒண்ணு மட்டும் பிடிச்சுக்கோங்க, கேட் திறக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும். முதல் ரெண்டு மணி நேரம் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு, குழந்தைங்களும் ஃப்ரெஷ்ஷா இருப்பாங்க. வாசல்ல இருக்கிற முதல் ரைடுலயே எல்லாரும் க்யூ கட்டுவாங்க, நீங்க நேரா உள்ள போய் கடைசில இருக்கறதுல ஆரம்பிங்க. ஸ்கூல் நடக்கிற மாசத்துல வாரநாள் கிடைச்சா அதுதான் பெஸ்ட். மதியச் சாப்பாட்டை பதினொன்றரைக்கே முடிச்சுட்டா சாப்பாட்டுக் கவுன்ட்டர்ல நிக்கிற நேரம் மிச்சம், சுத்தற ரைடெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, வயிறு நிறைஞ்சப்புறம் ரயில், ஷோ, இருட்டுக்குள்ள மெதுவா போற ரைடு மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்கு கண்டிப்பா பார்த்தே ஆகணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, நாலு பேர்னா நாலு, அது முடிஞ்சா நாள் நல்லா போச்சுன்னு வச்சுக்கலாம், மத்ததெல்லாம் கிடைச்சா பார்க்கலாம். ரூம் பக்கத்துல இருந்தா ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் போய்த் தூங்கிட்டு சாயங்காலம் திரும்ப வாங்க, மறுபடி உள்ள விடுவாங்களான்னு மட்டும் வெளிய போறதுக்கு முன்னாடி கேட்ல கேட்டுக்கோங்க. காசு கொடுத்துட்டு பாதி நாள் தூங்கறதான்னு தோணும், ஆனா அந்த மூணு மணி நேரம்தான் அங்க கூட்டமும் வெயிலும் உச்சத்துல இருக்கிற நேரம், க்யூல நின்னு கழிக்கிறதுக்குப் படுத்து எழுந்திருச்சு வர்றது எவ்வளவோ மேல்.

மழை வந்தா உடனே கிளம்பிடாதீங்க. இடி மின்னல் இருந்தா வெளிய இருக்கிற ரைடு, நீச்சல் குளம் எல்லாம் மூடுவாங்க, அது மூடத்தான் வேணும், ஆனா நின்னப்புறம் திறக்கும்போது பாதிக் கூட்டம் போயிருக்கும்.

வெயிலைப் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், ஏன்னா எல்லாரும் ரோலர் கோஸ்டரைப் பார்த்துப் பயப்படறாங்க, இதைப் பார்த்துப் பயப்படறதே இல்ல. பெரிய பார்க்ல ஒரு நாள்ல 10 கிலோமீட்டர் நடக்கறது சாதாரணம், அதுவும் காங்கிரீட் தரையில. தாகம் எடுத்தாத்தான் தண்ணின்னு இருக்காம ஒவ்வொரு ரைடு முடிஞ்சதும் எல்லாரும் ஒரு வாய் குடிக்கணும்னு பழக்கமாக்கிடுங்க. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணியில இறங்கி வந்தா உடனே திரும்பவும். கைக்குழந்தை தள்ளுவண்டி மேல வெயில் படாம இருக்கட்டும்னு போர்வையைப் போட்டு மூடறாங்க பாருங்க, அது வேண்டவே வேண்டாம், உள்ள காத்து போகாம சூடு ஏறிடும், வண்டியோட சொந்தக் குடையும் நிழலும் போதும், ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைன்னா நேரடி வெயில்லயே வைக்கக் கூடாது. தலைவலி, குமட்டல், தலைசுத்தல், ரொம்ப வியர்வைன்னா உடனே நிழலுக்கு இல்ல ஏசி இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சு தண்ணி கொடுங்க. ஆனா பேச்சு குழறுது, குழப்பமா நடந்துக்கறாங்க, உடம்பு கொதிக்குது, கூப்பிட்டா சரியா பதில் வரல அப்படின்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடம்பு 40 டிகிரி செல்சியஸ் தாண்டிப் போயிருக்கும், ஃபர்ஸ்ட் எய்டு ஆளையும் ஆம்புலன்ஸையும் உடனே கூப்பிடணும், அவங்க வர்ற வரைக்கும் உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருக்கணும், நினைவு சரியா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

அடுத்தது தண்ணி ரைடு. மூழ்கற குழந்தை கத்தும், கையை ஆட்டும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், நிஜத்துல சத்தமே வராது, மூச்சு விடறதுக்கே முடியாதப்ப எங்க கத்தறது, ஒரு நிமிஷத்துக்குள்ள தண்ணிக்கு அடியில போயிடும். வேவ் பூல்ல இது இன்னும் மோசம், அலையும் கூட்டமும் மறைச்சுடும். லைஃப்கார்டு இருக்காங்கதான், ஆனா அவங்க நூறு பேரைப் பார்க்கணும், உங்க குழந்தையைப் பார்க்கிறதுக்கு நீங்க ஒருத்தர்தான். நீச்சல் தெரியாத குழந்தைன்னா கை நீட்டினா தொடற தூரத்துல ஒரு பெரியவங்க இருந்தே ஆகணும். நாலஞ்சு பெரியவங்க சேர்ந்து போனா இன்னும் கவனமா இருக்கணும், இவர் பார்ப்பார்னு அவர், அவர் பார்ப்பார்னு இவர், கடைசில யாரும் பார்க்கறதில்ல. அதனால பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்கோங்க, முறை வந்தவங்க போனை அடுத்தவங்ககிட்ட கொடுத்துடணும். கையில மாட்டற காத்தடைச்ச பட்டையை நம்பாதீங்க, அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் போடுங்க. நீச்சல் டிரெஸ் நீலமோ வெள்ளையோ வாங்காதீங்க, தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது, பளிச்னு ஆரஞ்சு, ரோஸ் கலர் வாங்குங்க. குழந்தையை மடியில வச்சுக்கிட்டு சறுக்குமரத்துல இறங்கறதையும் தவிர்க்கணும், குழந்தையோட கால் ஓரத்துல சிக்கினா பெரியவங்க எடையும் சேர்ந்து முறுக்கி எலும்பு முறிஞ்சுடும், ஒண்ணு ரெண்டு வயசுக் குழந்தைங்களுக்கு இப்படி நடக்கறது டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். வயித்துப்போக்கு இருந்த குழந்தையைத் தண்ணியில இறக்கவே இறக்காதீங்க, கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி குளோரின்லயே நாள்கணக்கா உயிரோட இருக்கும், மத்த குழந்தைங்களுக்கெல்லாம் பரவிடும்.

ரைடுல உட்காரும்போது கம்பி லாக் ஆனதும் நீங்களே ஒரு தடவை தள்ளிப் பாருங்க. பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கம்பின்னா அது பெரியவங்க தொடையில பட்டு நின்னுடும், குழந்தை பக்கம் இடைவெளி இருக்கும், அப்படி இருந்தா வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கி ஆபரேட்டரைக் கூப்பிடுங்க, வெட்கப்பட வேண்டாம். வேகமா சுத்தற ரைடுல உடம்பு வெளிப்பக்கமா தள்ளும், அதனால எடை அதிகமா இருக்கறவங்க வெளிப்பக்கம், குழந்தை உள்பக்கம், மாத்தி உட்கார்ந்தா குழந்தை நசுங்கும். நீளமான முடியை இறுக்கிக் கட்டணும், துப்பட்டா, ஸ்கார்ஃப், கழுத்துச் சங்கிலி எல்லாத்தையும் கழட்டி லாக்கர்ல வச்சுடணும், வீடியோ எடுக்கறேன்னு போனை வெளிய எடுக்கவே கூடாது, அந்த வேகத்துல கையிலிருந்து பறந்தா பின்னாடி இருக்கறவங்க முகத்துலதான் போய் அடிக்கும்.

ரைடு பாதியில நின்னா? இது நிறைய பேருக்குத் தெரியாது, கோஸ்டர் தண்டவாளத்தைப் பகுதி பகுதியா பிரிச்சு, ஒரு பகுதியில ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் இருக்கலாம்னு கன்ட்ரோல் சிஸ்டம் வச்சிருப்பாங்க, முன்னாடி வண்டி தாமதமானா பின்னாடி வண்டியை அதுவே நிறுத்திடும், ஒரு சென்சார்ல சந்தேகம்னாலும் நிக்கும். அதாவது நின்னதுல பெரும்பாலானது பாதுகாப்பு வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம். ஆளுங்க வந்து இறக்கற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருங்க, நீங்களா கம்பியிலிருந்து நழுவி இறங்கப் பார்க்கறதுதான் ஆபத்து, குழந்தைங்களுக்கும் இதை முன்னாடியே சொல்லி வைங்க.

கர்ப்பமா இருக்கறவங்க, இதய நோய், ஹை பிபி, கழுத்து முதுகு வலி, சமீபத்துல ஆபரேஷன் பண்ணினவங்க வேகமான ரைடுல ஏற வேண்டாம். பேஸ்மேக்கர் மாதிரி கருவி வச்சிருக்கறவங்க காந்த சக்தியில கிளம்பற கோஸ்டர் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும், வலிப்பு இருக்கறவங்க பளிச் பளிச்னு லைட் அடிக்கிற ரைடு எதெதுன்னு விசாரிச்சுக்கணும். தலைசுத்தல் வர்ற குழந்தைன்னா, ரெண்டு வயசுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் இது அதிகம், வண்டியோட நடு சீட்ல உட்கார வச்சு தூரத்துல அசையாம இருக்கறதைப் பார்க்கச் சொல்லுங்க, மாத்திரை கொடுக்கறதா இருந்தா டாக்டரைக் கேட்டு ரைடுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே கொடுங்க, தூக்கம் வரும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க. சத்தம் தாங்காத குழந்தைக்கு காது மூடற ஹெட்ஃபோன் ஒண்ணு எடுத்துக்கங்க, அமைதியா உட்கார ரூம் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. தாத்தா பாட்டி வர்றாங்கன்னா அவங்க நடக்க மாட்டேன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்காம காலையிலேயே வீல்சேர் எடுத்துடுங்க, மதியம் கேட்டா தீர்ந்திருக்கும்.

குழந்தை தொலையற விஷயம். காலையில உள்ள போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழந்தையையும் தலையிலிருந்து கால் வரைக்கும் போட்டோ எடுத்துக்கோங்க, இன்னைக்கு என்ன சட்டை, என்ன ஷூன்னு பதட்டத்துல ஞாபகமே வராது. போன் நம்பரை கையில பேனாவால எழுதுங்க இல்ல பட்டையில எழுதிக் கட்டுங்க, ஆனா சட்டை மேல பேரைப் பெருசா போடாதீங்க, தெரியாதவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டா குழந்தை நம்பிடும். அம்மா அப்பாவைக் காணோம்னா நின்ன இடத்துலயே நில்லு, பேட்ஜ் போட்ட ஸ்டாஃப் இல்லன்னா குழந்தையோட இருக்கிற ஒரு அம்மாகிட்ட சொல்லுன்னு சொல்லிக் கொடுங்க, உள்ள போனதும் ஸ்டாஃப் யூனிஃபார்மை நேர்லயே காட்டிடுங்க. காணாம போயிட்டா பத்து நிமிஷம் நாமளே தேடிப் பார்ப்போம்னு இருக்கக் கூடாது, ஒருத்தர் உடனே ஸ்டாஃப்கிட்ட போகணும், இன்னொருத்தர் முதல்ல தண்ணி இருக்கிற இடத்தைப் போய்ப் பார்க்கணும்.

பையில புது ஷூ வேண்டாம், பழகின ஷூ, ரெண்டு ஜோடி சாக்ஸ், மாத்து டிரெஸ், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், பவர் பேங்க், வழக்கமான மருந்து, அவ்வளவுதான், சுமக்கப்போறது நீங்கதான். அலர்ஜி சாப்பாடோ குழந்தை சாப்பாடோ வேணும்னா வெளி உணவு கூடாதுங்கிற பார்க்கா இருந்தாலும் முன்கூட்டியே கேளுங்க, பல இடத்துல அனுமதிக்கிறாங்க.

ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் இருந்துட்டு அப்படியே கார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போற பிளான் மட்டும் போடாதீங்க. காலையிலிருந்து வெயில்ல நடந்த ஆளுக்கு ஸ்டியரிங்ல கண்ணு சொக்கும், பின்னாடி எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. அன்னைக்கு ராத்திரி அங்கயே தங்குங்க, முடியலன்னா ஓட்டப் போறவங்க மதியமே போய்த் தூங்கிடட்டும், வழியில கண்ணு சொருகினா பாதுகாப்பான இடத்துல ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கிட்டு கிளம்புங்க, குழந்தைங்க தூங்கிட்டாங்கன்னு சீட் பெல்ட்டைக் கழட்டி மடியில படுக்க வைக்காதீங்க.