பி0011 வந்தால் சோலினாய்டு வாங்க ஓடாதீர்கள்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார். செக் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரைப் போட்டால் பி0011 என்று காட்டுகிறது. "விவிடி சோலினாய்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான் பெரும்பாலும் அடுத்த பேச்சு. விவிடி என்பது என்ஜின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு; சோலினாய்டு அதில் இருக்கும் மின்வால்வு. மாற்றி, எரரை அழித்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் அதே லைட் மறுபடி எரிகிறது.

அந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் இன்டேக் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) இந்தக் கோணத்துக்கு வர வேண்டும் என்று என்ஜினின் கணினியான ஈசியூ கட்டளையிட்டது, அது வராமல் அட்வான்ஸ் பக்கமே, அதாவது வால்வு முன்கூட்டியே திறக்கும் பக்கமே நிற்கிறது என்பதுதான் பி0011. ரிடார்ட் பக்கம், அதாவது தாமதமாகத் திறக்கும் பக்கம் நின்றால் பி0012. பி0010 வேறு சங்கதி. சோலினாய்டுக்குப் போகும் மின்சர்க்யூட்டைப் பற்றியது. பி0016 வந்தால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இருக்கும் நிலைக்கும் கேம் இருக்கும் நிலைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். இந்த நான்கையும் 'விவிடி எரர்' என்று ஒன்றாகப் பேசும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. பழைய டொயோட்டாக்களில் இதே கோளாறு பி1349 என்றும் வரும்.

எரரை உடனே அழிப்பது அடுத்த தவறு. லைட் எரிந்த நேரத்தில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, ஆர்பிஎம் எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிந்து வைத்திருக்கும். எரரை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் மட்டும் வருகிறதென்றால், சூட்டில் ஆயில் நீர்த்துப் பிரஷர் குறைகிறதா என்ற சந்தேகம் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஆயிலைத்தான். இந்தக் கார்களில் கேமைத் திருப்பும் வேலையை என்ஜின் ஆயிலின் பிரஷரே செய்கிறது. சோலினாய்டு, அந்த ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழிவிடும் வால்வு மட்டுமே. ஆயில் குறைந்திருந்தாலும், கெட்டியாகிக் கறுத்திருந்தாலும், மேனுவலில் சொன்ன கிரேடை விட்டு வேறு ஊற்றியிருந்தாலும் கேம் சொன்ன இடத்துக்கு வராது. 2000-களின் தொடக்கத்தில் கொரோலாவில் வந்த 1.8 லிட்டர் 1இசட்இசட்-எஃப்இ என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம்பகாலப் பிஸ்டன்கள் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனவை. அப்படிப்பட்ட காரில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் ஸ்கேனரைத் தொடுவதில் அர்த்தமே இல்லை.

ஆயில் லைட் எரியவில்லையே என்று சமாதானம் கொள்ளவும் வேண்டாம். பிரஷர் அடிமட்டத்துக்கு விழுந்தால்தான் அந்த லைட் எரியும். சந்தேகம் இருந்தால் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி அளந்து பார்ப்பதே வழி.

இதே 1இசட்இசட்-எஃப்இ என்ஜினில் ஆயில் கன்ட்ரோல் வால்வுக்கென்று (நாம் பேசும் சோலினாய்டுக்கு இன்னொரு பெயர்) ஒரு சின்ன வலை ஃபில்டர், சிலிண்டர் ஹெட்டில் தனி போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. வால்வைப் புதிதாக மாட்டிவிட்டு, அடைத்துக்கொண்ட இந்த வலையைத் தொடாமல் விட்டால் செய்த வேலை வீண்தான். உள்ளே கசடு அதிகமாகத் தெரிந்தால் கடுமையான ஃப்ளஷ் ஊற்றும் ஆசையை அடக்குங்கள். பெயர்ந்து வரும் கசடு இதே வலையையும், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியையும் அடைக்கும். நல்ல ஆயிலைக் குறைந்த இடைவெளியில் இரண்டு மூன்று தரம் மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சோலினாய்டைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். இந்த என்ஜினில் 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். பிறகு ஐட்லிங்கில் கனெக்டரைக் கழற்றி, வால்வுக்கு பேட்டரி மின்சாரத்தை ஒரு நொடி கொடுங்கள். என்ஜின் தடுமாற வேண்டும், அல்லது நின்றே போக வேண்டும். அப்படி ஆனால் வால்வும், ஆயில் பிரஷரில் கேமைத் திருப்பும் கேம் கியரும் அசைகின்றன என்று நம்பலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வைக் கழற்றி, கையில் வைத்து மின்சாரம் கொடுத்து, உள்ளே ஆயில் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் குற்றம் ஆயில் வழியிலோ கேம் கியரிலோ இருக்கிறது. விலை மலிவு என்று பெயர் தெரியாத வால்வை வாங்கி மாட்டினால், பழைய கோளாறோடு புதியதும் சேர்ந்து குழப்பும்.

கூடவே பி0016 வந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி செயின் சத்தமும் கேட்டால் பேச்சே வேறு. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுபோனது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தது, அல்லது சமீபத்தில் செயின் மாற்றியவர் ஒரு பல் தள்ளி மாட்டியது என்று அங்கேதான் தேட வேண்டும். அந்த நிலையில் எரரை அழித்து அழித்து ஓட்டுவது ஆபத்து.

வேலை முடிந்ததும் லைட் அணைந்ததை மட்டும் பார்த்து வண்டியை எடுக்காதீர்கள். சில எரர்கள் இரண்டாவது ஓட்டத்திலும் கோளாறு தெரிந்தால்தான் லைட்டை எரியவிடும். என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கேமுக்குக் கேட்ட கோணத்தையும் அது வந்து நின்ற கோணத்தையும் பார்த்துக்கொண்டே வரட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடும்போது இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். குளிரில் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் ஒன்று பின்தங்கினால் மறுபடி பிரஷர் கேஜை மாட்டிப் பாருங்கள்.