தெருக்குப்பை கால்வாயைச் சேராதிருக்க

திருநெல்வேலியின் பாளையங்கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ கொட்டும் குப்பை கொட்டிய இடத்திலேயே கிடப்பதில்லை. தாமிரபரணியிலிருந்து பிரியும் அந்தத் தண்ணீர் மடை மடையாகக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பாய்வதால், நாம் எறிந்த நெகிழிப்பை எங்கோ கடைமடையில் நாற்று நடுகிறவரின் காலில் சிக்குகிறது. தெருவார் கூடிக் குப்பையைக் கையாள முனைந்தால், முதலில் பிள்ளைகளைப் பெரியவர்களின் துணையோடு கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்று இதைக் காட்ட வேண்டும். வகுப்பறைப் படத்தைவிட இது மனத்தில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, ஒரு வாரம் பிள்ளைகள் அவரவர் வீட்டுக் குப்பையை மட்டும் எடைபோட்டு நோட்டில் குறித்துவரட்டும். மருத்துவக் கழிவு, அணையாடை, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை அவர்கள் தொடவே கூடாது. பெரியவர்கள் அவற்றைத் தனியே தாளில் பொதிந்து, அடையாளமிட்டுத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். எடையில் பெரும்பங்கு காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பங்கைத் தெருவிலேயே உரமாக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் தேங்குமாதலால், குழி தோண்டாமல், பக்கவாட்டில் துளையிட்ட சிமெண்ட் உறையைத் தரைமேல் வைத்துக் கூரை போடுவதே நல்லது. அடியில் சருகும் தேங்காய் நாரும் பரப்பி, அதன்மேல் சமையலறைக் கழிவை நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, கொஞ்சம் சாணிக்கரைசல் தெளித்து, அது மறையும்படி மீண்டும் சருகு மூடவேண்டும். வாழையிலையை முழுதாகப் போட்டால் அது பாய்போலப் படிந்து காற்றைத் தடுத்துவிடும், நறுக்கியே போடுங்கள். மீன், இறைச்சிக் கழிவு நாயையும் எலியையும் இழுக்கும் என்பதால் வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறும்போது ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி, நீர் வடிந்து நாற்றமும் அடித்தால் சருகு போதவில்லை, சூடே இல்லாமல் உலர்ந்து கிடந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மண்வாசனையோடு கருத்து உதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

மக்காதவற்றைக் கழுவி, உலர்த்தி, சாக்கில் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்கோ தூய்மைப் பணியாளருக்கோ கொடுத்தால் போதும்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் தெருவிலும் கோயில் கொடைவிழாவன்று அது குலைந்துவிடுவதுண்டு. நெகிழி பூசிய தாள் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. அவற்றைத் தின்னும் மாட்டின் வயிற்றில் அவை செரிக்காமல் தங்கி உயிரையே பறிக்கும். ஆகவே கொடைக்கு வரி பிரிக்கும் கூட்டத்திலேயே வாழையிலை, எவர்சில்வர் தம்ளர் என்று முடிவெடுத்து, பந்திக்குப் பக்கத்தில் எச்சில் இலைக்கென ஒரு தொட்டியும், ஏனையவற்றுக்கு வேறொன்றும் வைத்து, இரண்டுக்கும் ஆள் நிறுத்துங்கள்.

முதல் உரத்தைச் சலித்தெடுக்கும் நாளில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அதே தராசில் நிறுத்து, பழைய நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். சலிப்பில் தங்கிய கப்பிகளை அடுத்த உறையின் அடியில் போட்டுவிடலாம்.