இருபது சீட்டில் ஒரு சந்தை

பொருளியல் வகுப்பில், என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோடும் எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் அளிப்புக் கோடும் வெட்டும் புள்ளியை எத்தனை முறை வரைந்து காட்டினாலும் மாணவர்களுக்கு அது வெறும் படம்தான். ஒரு வகுப்பு நேரம் அவர்களையே வாங்கி விற்க விடுங்கள்.

பத்துப் பேர் வாங்குபவர்கள். சீட்டுகளில் 100, 90, 80 என்று 10 வரை எழுதுங்கள். அதற்கு மேல் அவர்கள் கொடுக்கக் கூடாது. பத்துப் பேர் விற்பவர்கள். 10, 20 என்று 100 வரை அடக்கவிலை. அதற்குக் கீழே விற்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பொருள். சீட்டு ரகசியம்.

விலையை உரக்கக் கூவச் சொல்லுங்கள். முடிந்த பேரத்தைப் பலகையில் எழுதி, அதே சீட்டுகளோடு மூன்று நான்கு சுற்று நடத்துங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் நடத்தி 1948இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் தனித்தனியாகப் பேரம் பேசினார்கள். விலை சமநிலையில், அதாவது கோடுகள் வெட்டும் புள்ளியில், நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் வகுப்பில் இதே சோதனையில் மாணவராகக் கலந்துகொண்ட வெர்னன் ஸ்மித், பின்னால் பொதுவில் கூவவிட்டுச் சுற்றுகளையும் கூட்டினார், விலை நின்றது. 2002இல் நோபல் பரிசு அவருக்கு.

முதல் சுற்றில் சத்தம்தான் மிஞ்சும். 35க்கும் போகும், 75க்கும் போகும். விடுங்கள், பெரும்பாலும் மூன்றாவது சுற்றுக்குள் 50-60க்குள் அடங்கி, ஐந்து பேரத்தோடு நின்றுவிடும். கோடுகளை அப்புறம் வரையுங்கள், முன்னால் வேண்டவே வேண்டாம்.

நேரமிருந்தால் கடைசிச் சுற்றில் விற்பவர்மேல் 20 வரி போடுங்கள். விலை 20 ஏறும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 60-70க்குள்தான் நிற்கும், பேரமும் நான்காகக் குறையும்.